விளக்கு எரிந்தால் தொட்டதாகக் கணக்கு

இன்று காலை சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது உன் சோப்பு டப்பா கத்தியது. கடுகு வெடிக்கிற சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஆணியில் தொங்கும் உன் வாளுக்குக் கீழே, டப்பாவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குட்டியாக ஒரு சத்தம், சற்று நிறுத்தம், பிறகு நீளமாக ஒரு சத்தம். அப்புறம் அணைந்துவிட்டது. அடுப்படியில் என்னைத் தவிர யாரும் இல்லை. கூடத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குக்கர் விசில்கூடக் காதில் விழாத அவள், இதற்கு மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பயந்துட்டியாட்டி?" என்று நீ கேட்பாய். ஆமாம், பயந்தேன்தான். கை மயிர் குத்திட்டு நின்றது. நீ போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது, இன்னும் நிற்கிறது. வெளியே விடாத ஐப்பசி மழை. ஈரம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு விளக்கு ஏன் எரிகிறது, ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதானே இன்றுவரை எனக்குச் சோறு போடுகிற வேலை. ஆனாலும் அந்த டப்பாவிலிருந்து பேட்டரியைக் கழற்ற எனக்குக் கை வந்ததில்லை. தீர்ந்துபோனால் புதிதாக வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஏன் என்று மட்டும் கேட்காதே.

நீ எங்கள் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தபோது, அப்பா நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டை ஒட்டி ஷீட் போட்ட அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி அறைக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு ஆள் கால் நீட்டினால் நிறைந்துவிடும் அந்த அறையைத்தான் நீ கேட்டாய். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் என் லைனிலேயே கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாய். கையில் ஒரு பெட்டி, ஒரு தலையணை, பழைய வேட்டியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அந்த நீளத்தைப் பார்த்து அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னாம்மா அது, சுத்தி எட்தாந்துகீற?"

"வாளு அத்தே. வெளையாடுத வாளு."

"பொம்பள புள்ளைக்கு இன்னாத்துக்கு வாளு?"

நீ வேட்டியைப் பிரித்துக் காட்டினாய். மெலிந்த எஃகு அலகு. பிடிக்கு முன்னால் கையை மறைக்கும் கிண்ணம். நுனியில் கூர் இல்லை, ஒரு சின்னப் பட்டன்தான். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள். "இரும்புதான? கண்ட நேரத்துல ஷிப்டுக்குப் போற பொண்ணு. இரும்பு கூட கீறது நல்லதுதான். தலமாட்டுல வச்சிகினு படு, ஒண்ணும் அண்டாது."

அம்மாவால் தாங்க முடியாதது வாள் அல்ல, உன் முகமூடிதான். கம்பி வலை போட்ட அந்தக் கறுப்பு முகமூடியைக் கதவுக்கு நேர் எதிரே மாட்டி, அதற்குக் கீழே உன் வெள்ளைச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தாய். ஒரு மத்தியானம் உனக்கு மீன்குழம்பு கொண்டுவந்த நான், அரை இருட்டில் நீதான் நிற்கிறாய் என்று நினைத்து, "இன்னாடி பேசாம நின்னுகினு கீற, கிண்ணத்த வாங்கு" என்று அதட்டினேன். கிண்ணம் என் கையிலேயே இருந்தது. மறுபடியும் அதட்டினேன். எனக்குப் பின்னாலிருந்து, குளித்துவிட்டு வாளியோடு வந்த நீ, "ஆருகிட்டட்டி பேசுத?" என்றாய். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்புக்குப் பொழுதன்றைக்கும் உன்னைத் திட்டினேன்.

உன் வாள்வீச்சு விளையாட்டில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு விதிதான். எதிராளியின் உடம்பில் எங்கே பட்டாலும் சரி, முனையில் இருக்கும் பட்டன் அழுந்தி, வயர் வழியாகக் கரண்ட் போய், விளக்கு எரிய வேண்டும்.

"எரிஞ்சாத் தொட்டாச்சு. எரியலன்னா தொடல. நெஞ்சுல குத்தி அவ மல்லாக்க விழுந்தாலும் எரியலன்னா தொடல. பாத்தேன்னு ஊரே சொன்னாலும் செல்லாதுட்டி" என்றாய்.

"அப்போ தொடாமயே எரிஞ்சிதுன்னா?"

நீ வாள் முனையை விரலால் அழுத்திப் பார்த்தாய். "எரிஞ்சுட்டுன்னா தொட்டதாத்தான் கணக்கு" என்றாய்.

விளக்கெல்லாம் வருவதற்கு முன்னால், குத்துப்பட்டவளே கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அதை நீ என்னிடம் ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டாய். நான் அடுப்பில் மும்முரமாக இருக்கும்போது பூனைபோலப் பின்னால் வந்து, வாள் முனையால் இடது தோளில் ஒரு தொடு. "பட்டுட்டு, கையத் தூக்குட்டி." தூக்குகிற வரை விடமாட்டாய். கரண்டியோடு தூக்கினால் எண்ணெய் என் தலையிலேயே சொட்டும். "சனியனே, போடி" என்பேன். நீ போகவே மாட்டாய். டீ குடித்துவிட்டுத்தான் போவாய்.

சோப்பு டப்பாவை நான்தான் செய்துகொடுத்தேன். ஓடாத அலாரம் கடிகாரத்தின் பீப் சத்தம், காயலான் கடையில் எடுத்த பச்சை விளக்கு, ஒரு பேட்டரி. வாள்கிண்ணத்தில் அதை மாட்டி முனையை அழுத்தினால் எரியும், கத்தும். வாளைச் சோதிக்கத்தான் செய்தேன். நீ அதற்கு வேறு வேலை கொடுத்தாய். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் வாள் முனையை நம் சுவரில் வைத்து அழுத்துவாய். குட்டியாக ஒன்று, நீளமாக ஒன்று. வந்துட்டேன் என்று அர்த்தம். இந்தப் பக்கம் நான் இன்னொரு டம்ளர் டீக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற நேரம் நெருங்கும்போது வாள் செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பயிற்சிக்குப் போனவள், முகம் செத்துத் திரும்பினாய். முனையை அழுத்தினால் டப்பா சும்மா இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். அலகின் முதுகில் நீளத்துக்கும் ஒரு சின்னப் பள்ளம், காடி, ஓடுகிறதல்லவா, அதற்குள் ஒட்டியிருந்த முடி போன்ற இரண்டு வயர்களில் ஒன்று எங்கோ அறுந்திருந்தது. புது வயர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றாய்.

"வேற யாராண்டயாச்சும் வாங்கிக்கினு போயேன்."

"ஆளுக்கு ஒண்ணுதான் வச்சிருக்காவ. ஆரு தருவா?" சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "பொங்கலுக்கு அண்ணன் வாரான். அதுக்குள்ள டீம்ல எடம் கெடச்சா, போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எழுதலாம், ஒண்ணும் சொல்ல மாட்டான். கெடைக்கலன்னா கூட்டிட்டுப் போயி மாமன் மவனுக்குக் கெட்டி வச்சிருவான். அவன் நல்லவந்தான்ட்டி. ஆனா பொறவு நான் வாளத் தொட முடியாதுல்லா."

நீ அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அழாமல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "குட்றி இங்க" என்று வாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

எனக்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை. நாள் முழுக்க அதைவிடப் பொடிசான பார்ட்ஸ் காலில் ஈயம் வைப்பவள் நான். ஸ்ரீபெரும்புதூர்க் காயலான் கடையில் கருகிப்போன டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்து, காயிலில் நன்றாக இருந்த வயரைச் சுற்றி எடுத்துவந்தோம். பழைய பசையை பிளேடால் சுரண்டினோம். வாளைத் தரையில் ஸ்கேல் வைத்ததுபோல் நேராகப் படுக்கவைத்து, காடிக்குள் வயரை இழுத்து ஒட்டி, இரு முனையிலும் ஈயம் வைத்தேன். முனை ஸ்பிரிங் எழுநூற்றைம்பது கிராம் எடையைத் தூக்கி விளக்கை அணைக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். மளிகைக் கடையில் எவர்சில்வர் டப்பாவோடு சேர்த்து உளுந்து நிறுத்து வாங்கி வந்தோம். டப்பாவை வாள் முனையில் நிறுத்திப் பார்த்தபோது ஸ்பிரிங் தூக்கிவிட்டது. அந்த உளுந்தில் அம்மா வடை சுட்டாள். நீ ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

அடுத்த ஞாயிறு திரும்பி வந்தபோது உன் நடையிலேயே தெரிந்துவிட்டது. முதல் குத்துக்கு எரிந்ததாம், அடுத்ததற்கு இல்லையாம். "நீ ஒட்டுனது பாக்க அழகா இருக்குட்டி" என்று மட்டும் சொன்னாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. கோணி மூட்டையை வேப்ப மரத்தில் கட்டி, "குத்து, நான் பாக்கணும்" என்றேன். நீ குத்தினாய். வாள் வில்லாக வளைந்தது. முதுகு மேலே எழும்பியது. என் வயர் அந்த முதுகில்தான் இருந்தது. இழுபட்டு அறுந்திருக்கிறது.

எங்கள் லைனில் எதுவும் வளையாது. போர்டு தட்டையாக வரும், தட்டையாகப் போகும். வளைகிற பொருளுக்கு வயர் போடும்போது முதலில் அதை வளைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியிருக்காது.

மறுபடி செய்த அந்த மத்தியானம்தான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வரிசை அறைகளில் ஒரு குழாய் சொட்டும் சத்தம்கூட இல்லை. வெயிலுக்கு ஷீட் மட்டும் அவ்வப்போது டொக் என்றது. நீ தரையில் உட்கார்ந்து, முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கிண்ணத்தை வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் வாளை வளைத்துப் பிடித்திருந்தாய். அந்த வளைவின் முதுகில் நான் வயரை ஒட்டினேன். பசை காயும்வரை நீ அசையக் கூடாது. நானும் வயரை விடக் கூடாது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது டப்பா எரிந்தது.

அதை நான் இன்னும் எதிலும் மாட்டவில்லை. வாசல் பக்கம் கிடந்தது. அதன் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தன. குட்டியாக ஒரு சத்தம், நீளமாக ஒரு சத்தம். நம் கை இரண்டும் வாளில். எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. சுவரில் உன் முகமூடி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஆரோ வந்துட்டாவ" என்றாய், மெதுவாக.

பசை காய்ந்ததும் முதல் வேலையாக டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. எத்தனை தடவை தட்டிப் பார்த்தும் தானாக எரியவில்லை. லைனில் ஒரு தரம் ஃபெயிலாகி, பிறகு எப்படிச் சோதித்தாலும் பாஸ் ஆகிற போர்டை நாம் பேய் போர்டு என்போமே, ஞாபகம் இருக்கிறதா? அதை அனுப்பவும் மாட்டோம், உடைக்கவும் மாட்டோம். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஓர் ஓரமாக வைத்துவிடுவோம். ஆயுத பூசையில் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு உண்டு. டப்பாவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினேன். மனசு கேட்காமல், வாள்கிண்ணத்துக்கு உள்பக்கமும் ஒன்று ஒட்டினேன். "செலக்சன்ல பாத்தாக் கேப்பாவட்டி" என்றாய். பிறகு நீயே அதன் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்திவிட்டாய்.

தேர்வு அன்று எங்கள் வீட்டுப் போன் அடித்தது. பின்னால் பஸ் சத்தம், பூத்தில் யாரோ அவசரப்படுத்தும் சத்தம். "எரிஞ்சுட்டுட்டி. குத்துனதெல்லாம் எரிஞ்சுட்டு. டீம்ல எடுத்துட்டாவ." போனிலேயே நான் அழுதுவிட்டேன். அன்று சாயங்காலம் சுவர் ஓயவே இல்லை. அம்மா பாயசம் வைத்தாள். உன் அண்ணனும் போன் பண்ணி, வேலை விஷயம் தெரியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நீ அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாய். அதை நான் பார்த்தேன். எனக்கு அது போதும் என்று சொல்லத்தான் ஆசை, போதவில்லை.

பயிற்சி முகாமுக்குக் கிளம்ப வேண்டிய வாரம். இரவு ஷிப்ட் முடிந்து வந்த உங்கள் வேனை ஒரகடம் கூட்டுரோட்டில் ஜல்லி லாரி இடித்தது. மற்றவர்களுக்குக் கை, கால். உனக்குத்தான் உயிர். எனக்கு அன்று லீவு. டீ போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். டீயில் ஆடை படிந்தது. சூடு பண்ணினேன். மறுபடி படிந்தது. சுவர் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. அப்பாதான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

காரியமெல்லாம் முடிந்து உன் அண்ணன் சாமான்களை எடுக்க வந்தார். உன் ஜாடை அப்படியே. பெட்டி, தலையணை, வெள்ளைச் சட்டை, முகமூடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்டினார். அழவில்லை. அது உங்கள் குடும்பத்துப் பழக்கம்போலும். வாள் நீ கடைசியாக மாட்டியபடியே டப்பாவோடு ஆணியில் இருந்தது. அவர் பிடியைப் பிடித்துத் தூக்கினார். முனை காற்றில் இருந்தது, எதிலும் படவில்லை. டப்பா எரிந்தது. குட்டியாக ஒன்று, நீளமாக ஒன்று.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா இது?"

வாசலில் நின்ற அம்மாதான் சொன்னாள். "வூட்டுக்கு வந்தா அவ இப்டித்தான் சத்தம் குடுப்பா, தம்பி."

அவர் வாளை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்து அழுதார். எழுந்திருக்கும்போது, "இதக் கொண்டுபோனா எங்கம்மா தாங்க மாட்டா. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். "இரும்புல ஆச ஒட்டிக்கும்டி. எட்த்துகினு போயி ஏரில போட்டுட்டு, தலைய முழுகிட்டு வா."

"போட மாட்டேன். அது நான் அவளுக்கு செஞ்சது."

"கன்னி கழியாத பொண்ணு பொருளு. வூட்ல வச்சிகினா நல்லதில்ல."

"அப்போ என்னையும் சேத்துப் போடு" என்றேன். அம்மாவை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் என்னோடு பல நாள் பேசவில்லை. வாளை நான் அடுப்படிப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். சித்திரை வெயிலில், ஈரம் என்று சாக்குச் சொல்ல முடியாத ஒரு காலையில், அது கத்தியது. நான் திரும்புவதற்குள் அம்மா அடுப்புப் பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வந்துகீறா. டீத்தூள் எடு" என்றாள். அதற்கப்புறம் ஏரிப் பேச்சை எடுத்ததே இல்லை.

அந்த அறைகளை இடித்துவிட்டோம். எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. உன் சுவரை மட்டும் நான் இடிக்க விடவில்லை. நான் இப்போது கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும், "இது வளையுமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் வயரைத் தொடுகிறேன்.

உன் வாளில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கருகின ஃபேனின் வயர், மேல்பூச்சு எங்கோ உதிர்ந்திருக்கும், இரண்டும் உரசினால் எரியும். மீட்டரோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவேன். நான் உட்காரவில்லை. உட்காரவும் மாட்டேன். அலகில் நீ பிடித்த வளைவு லேசாக இன்னும் இருக்கிறது. கிண்ணத்துக்குள் மஞ்சள் ஸ்டிக்கர் வெளுத்துப்போய்விட்டது. ஆயுத பூசைக்கு அதன் மேல் பொட்டு வைக்கிறேன்.

காலையில் டப்பா அணைந்த பிறகு நடந்ததை இன்னும் சொல்லவில்லை. என் இடது தோளில் சில்லென்று ஏதோ பட்டது. மழை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. தோளைத் தடவினேன், துணியும் நனையவில்லை. ஏன் எரிந்தது, எப்படி எரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. எரிஞ்சுட்டுன்னா தொட்டதாத்தான் கணக்கு.

தாளிப்புக் கரண்டியோடு கையைத் தூக்கினேன். எண்ணெய் தலையில் சொட்டியது. சனியனே, போடி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. போகச் சொல்ல மனசு வரவில்லை.

"டீ வைக்கிறேன், உக்காரு" என்றேன்.